இரண்டிலிருந்து மூன்றுக்கு

தூக்குவாளியில் ரசம் இருந்தது. மூடி சரியாக உட்காராத பழைய தூக்குவாளி. என் மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். விளாங்குடியில் இருக்கும் அவள் தங்கைக்குக் காய்ச்சல், ரசம் அவளுக்கு. திருநகரிலிருந்து விளாங்குடி போய்ச் சேருவதற்குள் இருபத்து மூன்று வேகத்தடைகள், ஏழு சிக்னல்கள், கணக்கில் சேராத குழிகள். தங்கை வீட்டு வாசலில் இறங்கியபோது என் மனைவியின் சேலையில் ஒரு சொட்டு இல்லை.

"தம்பி, நீங்க வண்டியை ஓட்டுனீங்களா, கையில தூக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"ரசம் அம்புட்டு வாசமா இருந்துச்சும்மா. சிந்துனா மனசு கேக்காதுல்ல" என்றார் அவர்.

அவர் எங்களுக்கு ஆக்டிங் டிரைவர். அதாவது மாதச் சம்பளம் கிடையாது. போன் போட்டு எப்போது வேண்டுமோ அப்போது கூப்பிட்டுக்கொள்ளலாம். மூன்று வருடத்தில் நான் அவரை நூற்று அறுபத்து நான்கு முறை கூப்பிட்டிருக்கிறேன். பேச்சில் அவரை நான் 'நீ' என்றுதான் சொன்னேன். என்னைவிட இருபது வயது இளையவர், கூப்பிட்டால் வருகிறவர் என்ற தைரியம். இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. காலம் கடந்து வந்த மரியாதை. அதனால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை.

அன்று அப்படிப் போன வண்டி நல்ல வண்டி இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். செக்கானூரணிக்கு மேற்கே எனக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு, நூற்றுப் பத்து மரம். உரமூட்டையும் போக வேண்டும், மனைவியும் உட்கார வேண்டும் என்று, நாலு கதவும் பின்னால் சரக்குத் தொட்டியும் உள்ள ஒரு பிக்கப் வண்டியைப் பழையதாக வாங்கினேன். ஆட்டோமேட்டிக் கியர். என் இடது முழங்கால் கிளட்சை மிதிக்கும் நிலையில் இல்லை. விற்றவர் நல்ல மனிதராகத்தான் பேசினார். வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள்தான் தெரிந்தது, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்ததுபோல வண்டி ஒரு வெட்டு வெட்டும். காலையில் எடுத்தவுடன் இன்னும் மோசம். கியர் கம்பியைத் தள்ளி 'டி'யில் வைத்ததுமே அடியில் ஒரு இடி விழும்.

நான் ஓட்டினால் வெட்டும். சென்னையிலிருந்து வரும் என் மகன் ஓட்டினால் இன்னும் வெட்டும். அவர் ஓட்டினால் வெட்டாது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. புள்ளியியல் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். வயலில் இறங்கி விளைச்சலை அளந்தும் கதிரை எண்ணியும் சம்பளம் வாங்கியவன். எஞ்சின் சத்தம் தணிவதை வைத்து எப்போது கியர் மாறுகிறது என்று கண்டுபிடித்து, ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். நான் ஓட்டிய நாற்பது மாற்றத்தில் முப்பத்தொன்று வெட்டு. அவர் ஓட்டிய நாற்பதில் ஒன்றுகூட இல்லை.

எப்படி என்று கேட்டேன். சிரித்தார்.

"மாறப்போறது காலுக்குத் தெரியும் சார். அது மாறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நான் காலை லேசா எடுத்துருவேன். அது மாறிக்கிடும். பெறகு மிதிப்பேன். நம்ம பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே இருந்தா அதுக்குக் கோவம் வரத்தான செய்யும்?"

காலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். காலையில் வண்டியைக் கிளப்பியதும் உடனே எடுக்க மாட்டார். எஞ்சின் இரைச்சல் அடங்கும்வரை பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருப்பார். எனக்கு அந்த நேரம் பொறுக்காது. "என்னப்பா, பூசையா பண்ற?" என்பேன். "ஆச்சு சார், ஆச்சு" என்பார். நான் கடிகாரம் பார்ப்பேன். எழுபது விநாடி, எண்பது விநாடி.

பிறவியிலேயே வந்த திறமை என்று நினைத்துவிட வேண்டாம். முதல் நாள் அவர் எங்களைச் சாகடிக்கப் பார்த்தார். அதுவரை கிளட்ச் உள்ள வண்டிகள்தான் ஓட்டியிருக்கிறார். திருப்பரங்குன்றம் ரயில்வே கேட் அருகே வேகம் குறைக்க வேண்டி வந்தபோது, பழக்கத்தில் இடது கால் கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கில் ஒரே மிதி. வண்டி ஆணி அடித்ததுபோல நின்றது. என் மனைவிக்கு முதுகுத்தண்டில் ஒரு தட்டு விலகியிருக்கிறது. உலுக்கல் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள், அவ்வளவுதான். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, திட்ட வாயெடுத்த நானே நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் வந்தபோது இருக்கையில் ஏறி, தோளில் கிடந்த துண்டை எடுத்து, தன் இடது கணுக்காலை இருக்கையின் இரும்புக் காலோடு சேர்த்துக் கட்டினார்.

"என்னப்பா இது, சந்தைக்குப் போற ஆடு மாதிரி?" என்றேன்.

"ரெண்டு நாளைக்குக் கெடக்கட்டும் சார். பழகிக்கிடும்."

ஐந்து நாள் கட்டியிருந்தார். தோப்பில் இறங்கும்போது அவிழ்ப்பார், ஏறும்போது கட்டுவார். தோப்பில் தேங்காய் பொறுக்கும் பெண்கள், "டிரைவரண்ணே, அத்துக்கிட்டு ஓடிருவீகன்னு சார் கட்டிப்போட்டுட்டாரா?" என்று கேட்டார்கள். "ஆமா, தண்ணி மட்டும் காட்டுங்க" என்றார். ஆறாம் நாள் துண்டு தோளுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு என் மனைவி இடுப்பைப் பிடித்ததை நான் பார்க்கவில்லை.

வண்டியோடு நிற்கும் குணமில்லை அது. நானும் மனைவியும் காரணமில்லாமல் சண்டை போடுகிறவர்கள். மின்விசிறியை யார் அணைக்கவில்லை என்று வீட்டில் தொடங்கியது வண்டிக்குள்ளும் தொடரும். என் குரல் ஏறப்போவது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். ஏறுவதற்குச் சற்று முன்னால், "சார், அந்தக் கண்மாயில தண்ணி எம்புட்டு நிக்கிது பாத்தீகளா?" என்பார். நான் தண்ணீரைப் பார்ப்பேன். எத்தனை அடி நிற்கும், எத்தனை ஏக்கருக்குப் பாயும் என்று மனம் கணக்குப் போடப் போய்விடும். சண்டை நின்றிருக்கும். ஒரு முறை கோடைகாலத்தில், காய்ந்து வெடித்துக் கிடந்த கண்மாயைக் காட்டியும் இதையே சொன்னார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் வருடத்தில்தான் எனக்குச் சூட்சுமம் புரிந்தது.

அந்த மூன்றாம் வருடத்தில் மெக்கானிக் ஒருவர், எண்ணெய் மாற்றிப் பார்த்தும் சரியாகாததால், "கியர் பெட்டியை இறக்கி, கோயம்புத்தூருக்கு அனுப்பித்தான் பாக்கணும் சார். திரும்பி வந்தாலும் சரியாயிரும்னு சொல்ல மாட்டேன்" என்றார். விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன்.

வாங்க வந்தவர் என் தோப்புக்கு இரண்டு ஊர் தள்ளி மல்லிகை போடுகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது காலில் தகடு வைத்திருந்தார்கள். கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் ஆட்டோமேட்டிக் வண்டி தேடினார். தினமும் விடியலில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் பூமூட்டை கொண்டுபோக வேண்டும். "பூவு லேட்டானா வெலை விழுந்துரும் சார். வண்டி நம்பி எடுக்குற மாதிரி இருக்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். கியரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டிப் பார்க்கக் குறித்த நாளில் நானே ஓட்டிக் காட்டியிருக்கலாம். எனக்கு ஓட்டத் தெரியும். ஆனால் டிரைவரைத்தான் கூப்பிட்டேன். எதற்காகக் கூப்பிட்டேன் என்பதற்கு என் நோட்டில் எண்பது கோடுகள் சாட்சி.

காலையில் வந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"சார், வாங்குறவுககிட்டக் கியர் விசயத்தச் சொல்லிட்டீங்கள்ல?"

"எல்லாம் சொல்லியாச்சுப்பா. அவுகளுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்காராம். பாத்துக்கிடுவாக."

ஒரு பொய் போதும். நான் அதற்கு ஒரு மெக்கானிக்கையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"அப்பச் சரி சார்" என்று செருப்பைக் கழற்றினார்.

முன் இருக்கையில் பூக்காரர், பின்னால் அவருடைய தாய்மாமனும் நானும். திருப்பரங்குன்றம் போய்த் திரும்பினோம். பதினெட்டு முறை கியர் மாறியது. வண்டி தெப்பம்போல மிதந்தது.

"அண்ணே, என்னாண்ணே இப்படிப் போகுது! பட்டு மாதிரில்ல இருக்கு" என்றார் பூக்காரர்.

"பாத்து ஓட்டுனா இப்படித்தாண்ணே போகும். எல்லாம் கால்லதான் இருக்கு" என்றார் இவர், விஷயம் தெரிந்தவரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

தாய்மாமன் பின்னாலிருந்து கையை நீட்டி மருமகன் தோளில் தட்டினார். "மாப்ள, முடிச்சிருவோம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் ஊர்க் கோயிலில் வண்டிக்குப் பூசை. நானும் கட்டாயம் வர வேண்டும் என்று பூக்காரர் சொல்லிவிட்டார். எங்கள் டிரைவர்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அவர் சொந்த ஊர் அதற்கு அடுத்த ஊர்தான். அவருக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் அந்தச் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்துதான் வரும்: கல்யாணம், ஆஸ்பத்திரி, கோர்ட்டு. எல்லோருக்கும் அவரைத் தெரியும். கோயில் முன்னால் பதினொரு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். என்னை நடு நாற்காலியில் உட்காரவைத்து இளநீர் கொடுத்தார்கள். இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. அவர் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். புது உரிமையாளர்தான் தன் கையால் ஓட்டி நசுக்க வேண்டும், அதுதான் வழக்கம். நான் இதை நினைத்துப் பார்க்கவேயில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவன், இதை எண்ணவில்லை.

பூக்காரர் ஏறினார். அவருடைய தாயாரைப் பின் இருக்கையில் ஏற்றினார்கள். பூசை முடிகிறவரை நிறுத்திவைத்திருந்த வண்டி. எஞ்சின் சூடு இறங்கியிருந்தது. கிளப்பினார், இரைச்சல் அடங்கும் முன் கம்பியைத் தள்ளினார், மிதித்தார். அடியில் டமார் என்று ஒரு இடி. வண்டி துள்ளிப் பாய்ந்தது. பூசாரி சூடத்தட்டோடு ஒதுங்கினார். தாயார் நெற்றி முன் இருக்கையில் மோதியது. தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் மேலும் மூன்று வெட்டு. வேடிக்கை பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் சத்தம் கேட்டது.

தாயாரை இறக்கி நெற்றியில் தண்ணீர் வைத்தார்கள். வீக்கம்தான், ரத்தமில்லை. "சாமிக்கு இந்த வண்டி ஆகலையோ என்னமோ" என்று அந்த அம்மா முனகினாள்.

"சாமிய ஏன் இழுக்குற? இந்தா நிக்கிறான்ல, இவனைக் கேளு" என்று தாய்மாமன் வேப்பமரத்தடிக்குப் போனார். "ஏம்ப்பா, அன்னைக்கு நீ ஓட்டுனப்ப ஒண்ணுமில்ல. இன்னைக்கு எப்படி வந்துச்சு?"

அவர் பதில் சொல்வதற்கு முன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. பிறகு கேள்வி போய்விட்டது. நான் சொல்லவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலுதான். நாலை எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

"எனக்குத் தெரியும்ணே" என்றார் அவர். "நான்தான் சொல்லாம விட்டுட்டேன். தப்புத்தான்."

"சாருக்குத் தெரியாதா?"

"சார் பின்னாடி உக்காந்து வாரவரு. அவருக்கு என்ன தெரியும்?"

தாய்மாமன் அவர் சட்டையைப் பிடித்தார். "காலனிக்காரப் பய பேச்சை நம்பி வண்டி வாங்குனோம்ல, நமக்கு வேணும்!" என்று தள்ளினார். அவர் இரண்டடி பின்னால் போய் மரத்தில் சாய்ந்து நின்றார். பூக்காரர் நொண்டிக்கொண்டே வந்து, "மாமா, விடுங்க" என்று விலக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களையும் சேத்துல்ல சார் ஏமாத்தியிருக்கான்."

"போகட்டும், விடுங்க" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் ஒரு பெரிய மனிதனின் குரல் மாதிரி இருந்தது. கேட்டவர்கள் என் பெருந்தன்மையை மெச்சினார்கள். தேங்காய்ப் பழத் தட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார்கள்.

என்னைத் திருநகரில் கொண்டுவந்து விடப் பூக்காரரே வண்டியை எடுத்தார். ஊர் எல்லை தாண்டியதும் ரோட்டோரம் அவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. வண்டிச் சத்தம் கேட்டு ஒதுங்கி நின்றார். நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை வண்டி பதினேழு முறை வெட்டியது. ஒவ்வொரு வெட்டுக்கும் பூக்காரர், "ச்சே, என்ன ஆளு சார் அவன்" என்றார்.

அவர் பெயரை நான் இதில் எழுதாததற்குக் காரணம் இதுதான். அந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் இன்னும் என்னால் கெட்டுக் கிடக்கிறது.

மூன்று வாரம் கழித்துப் போன் செய்தார். என் மனைவியின் முதுகு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். பிறகு சொன்னார்:

"சார், நம்ம பக்கத்துல இப்ப யாரும் கூப்புட மாட்டேங்குறாக. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் பேசி வச்சிருந்தாக, அதையும் வேண்டாம்னுட்டாக. நீங்க ஒரு தடவ வந்து அவுககிட்ட ஒரு வார்த்தை சொன்னீகன்னாப் போதும். அவுக என்ன பேசுனாலும் நான் வாங்கிக்கிறேன். நீங்க நின்னாப் போதும்."

"வர்றேன்ப்பா. கண்டிப்பா வர்றேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு."

"செக்கானூரணி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன் சார்."

ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஒன்பது மணிக்குத் தயாராகிவிட்டேன். செருப்பையும் மாட்டினேன். அந்தத் தாய்மாமனும் பதினொரு நாற்காலியும் கண் முன்னால் வந்தன. மறுபடி கட்டிலில் போய் உட்கார்ந்தேன். பத்து மணிக்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை. பத்தரைக்குள் ஏழு முறை அடித்தது. எட்டாவது முறை அடித்தபோது என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து எடுத்துவிட்டாள்.

"அந்தத் தம்பிதான். பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாராம். நீங்க வாரீகளான்னு கேக்குறாரு. எங்க போகணும்?"

நான் படுத்தேன். "உடம்புக்கு முடியலன்னு சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள். எதிர்முனையில் அவர் பேசியது கட்டில்வரை கேட்டது.

"என்ன செய்யுதாம்மா? நெஞ்சு வலிக்குதாமா? நீங்க தனியா ஒண்ணும் அலைய வேண்டாம். நான் வாரேன்."

ஐம்பது நிமிடத்தில், தெரிந்தவர் ஒருவரின் காரை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். வேறு வழியில்லாமல் ஏறினேன். என் மனைவி பதறிப்போய் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் நாற்பத்தொன்று. மூன்று மணி நேரம் அவர் எங்களோடு காத்திருந்தார். செக்கானூரணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, ரத்தக்கொதிப்பு கொஞ்சம் கூட, மற்றபடி ஒன்றுமில்லை என்றார்.

"ஒண்ணுமில்லையாமா சார்?" என்று வெளியே அவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. கார் கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டு வாசலில் இறங்கியபோது என் மனைவி முன்னால் போய்விட்டாள். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:

"அடுத்த ஞாயித்துக்கிழமை போயிருவோம்ப்பா. நிச்சயமா."

"வேண்டாம் சார்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டை என் கையில் கொடுத்து, மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு என்று நினைவுபடுத்திவிட்டுக் காரைத் திருப்பினார். மூன்று வருடத்தில் அவர் என்னிடம் 'வேண்டாம்' என்று சொன்னது அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவும் இல்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை.

பூக்காரரின் ஊருக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு நாளைக்கு ஆறு பஸ் போகிறது. இது ஐந்தாவது வருடம். ஒன்றில்கூட நான் இன்னும் ஏறவில்லை.